பல்லுக்கும் ஒரு காலம் உண்டு

“பதறாத காரியம் சிதறாது” என்பது நம் வீட்டுப் பெரியவர்களின் வாக்கு. பிறர் பதறும்போது அதனை எடுத்துச் சொல்வது எளிது. நாமே பதறும்போது அது நாவுக்கும் வருவதில்லை, நினைவுக்கும் வருவதில்லை. எங்கள் மூத்த மகளின் திருமணம் நிச்சயமான நாள்களில் நாங்கள் பதறிய கதையைக் கணவனும் மனைவியுமாக ஒன்றாய் அமர்ந்து இங்கே எழுதுகின்றோம். பொருள் சிறியதே, ஒரு பெண்ணின் மேல்வரிசைப் பற்கள். ஆனால் அதனை ஒட்டி எங்கள் வீட்டில் எழுந்த கேள்வி சிறியதன்று. பிள்ளைகளைப் பெற்றோர் பலருக்கும் அது பயன்படக்கூடும் என்னும் எண்ணத்தாலேயே எழுதத் துணிந்தோம்.

எங்கள் மகளுக்குச் சிறு வயது முதலே எத்துப்பல். பள்ளியில் குழுப்படம் எடுக்கும்போதெல்லாம் உதடுகளை இறுக மூடிக்கொள்வாள். சிரிப்பு வந்தால், அதற்கு முன்பே கை வாய்க்கு வந்துவிடும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே கிளிப்பு போட்டிருக்கலாம். அன்று எங்கள் கையில் பணமில்லை. பணம் வந்தபோது அவளுடைய படிப்பு குறுக்கே நின்றது. வங்கிப் பணியில் அமர்ந்து தன் ஊதியத்தைத் தானே பெறத் தொடங்கிய பின், இருபத்தாறாம் வயதில், ஒரு சித்திரை மாதம் பாளையங்கோட்டையில் உள்ள பல் சீரமைப்பு மருத்துவரிடம் தானே சென்று கிளிப்பு போட்டுக்கொண்டு வந்தாள். மேல்வரிசையில் இருபுறமும் கோரைப்பல்லுக்கு அடுத்த பல் ஒவ்வொன்று எடுக்கப்பட்டது. அந்த இடைவெளிக்குள் முதலில் கோரைப்பற்களைப் பின்னோக்கி இழுப்பது, பின்னர் முன்பற்கள் நான்கையும் உள்ளே கொண்டுவருவது என்பது திட்டம். எல்லாம் முடிய இரண்டு ஆண்டுகள் ஆகலாம் என்று மருத்துவர் முதல் நாளிலேயே சொல்லியிருந்தார்.

ஆவணியில் ஒரு நல்ல இடம் வந்தது. பையன் மதுரையில் பணிபுரிபவர். குடும்பமும் எங்களைப் போன்றதே. பெண் பார்க்க வந்தவர்கள் மனநிறைவோடு பேசினார்கள். தை மாதத்தில் திருமணம் என்று முடிவாயிற்று. விடைபெற்றுச் செல்லும் வேளையில் பையனுடைய அத்தை வாசற்படியில் நின்று, “கல்யாணத்துக்குள் இந்தக் கம்பி கழன்றுவிடுமா, மதினி?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் கேட்டது அந்த ஒரு வார்த்தைதான். அன்றிரவு எங்கள் இருவருக்கும் உறக்கமில்லை. தைக்கு இன்னும் ஐந்தே மாதங்கள். மணமேடையில் கம்பியோடு நிற்பாளா? பல் எடுத்த இடம் இரண்டும் ஓட்டையாகத் தெரியுமே! படத்தில் என்றென்றைக்கும் அப்படியே நின்றுவிடுமே! உறவினர் என்ன சொல்வார்கள்? இப்படியெல்லாம் எண்ணி எண்ணி விடிந்தது.

விடிந்ததும் தெரிந்தவர் ஒருவர் ஆறுதல் சொன்னார். பல் விரைவாக நகர்வதற்கென்றே இப்போது சிறிய அறுவைகள் வந்துவிட்டனவாம். அரை மணி நேர வேலையாம். வேறோர் ஊரில் ஒரு மருத்துவமனை, ‘ஆறே மாதத்தில் அழகிய பல்வரிசை’ என்று விளம்பரம் செய்கிறதாம். நாங்கள் அப்போதே மனத்தளவில் புறப்பட்டுவிட்டோம். ஆயினும் கிளிப்பு போட்ட மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று மகளையும் அழைத்துக்கொண்டு சென்றோம்.

அந்த மருத்துவ அம்மையார் பொறுமைசாலி. “ஐயா, அம்மா, முதலில் பல் எவ்வாறு நகர்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பின்னர் அதை விரட்டலாமா என்று பேசுவோம்” என்று தொடங்கினார். அவர் அன்று சொன்னதையும், பின்னர் நாங்கள் கேட்டும் படித்தும் அறிந்ததையும் சேர்த்து இங்கே தருகின்றோம்.

மரத்தில் அறைந்த ஆணிபோல் பல் எலும்பில் இறுகி நிற்பதாகவே நாம் எண்ணுகிறோம். அது தவறு. பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே, கால் மில்லிமீட்டர் அளவே பருமனுள்ள ஒரு நார்ப்படலம் இருக்கிறது. கம்பி பல்லை ஒரு பக்கமாக அழுத்தும்போது, அந்தப் பக்கத்து எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் அங்கே வந்து கூடுகின்றன. எதிர்ப்பக்கத்தில் எலும்பைக் கட்டும் உயிரணுக்கள் வேலை செய்கின்றன. எங்கள் தாமிரபரணி ஒரு கரையை அரித்து மறுகரையில் மணல் சேர்ப்பதுபோல, முன்னே எலும்பு கரைய, பின்னே எலும்பு வளர, பல் மெல்ல மெல்ல இடம் மாறுகிறது. அதன் வேகம் பொதுவாக மாதத்திற்கு ஒரு மில்லிமீட்டர் அளவே. கம்பியை இன்னும் முறுக்கினால் விரைந்து போகுமே என்றால், அதுவும் இல்லை. அளவுக்கு மீறி அழுத்தினால் நார்ப்படலத்தில் இரத்த ஓட்டம் நின்று பல் அசையாமலே நின்றுவிடும். வேர் தேய்ந்து குறுகவும் கூடும். எங்கள் மகளுக்கு மூடவேண்டிய இடைவெளி ஒரு புறத்திற்கு ஏழு மில்லிமீட்டர். கணக்கை நாங்களே போட்டுக்கொண்டோம்.

“அப்படியானால் அந்த அறுவை எதற்கு?” என்று கேட்டோம்.

எலும்பில் காயம் பட்டால் அந்த இடத்தில் ஒரு பரபரப்பு உண்டாகிறது. தெருவில் ஒரு வீடு தீப்பற்றினால் அக்கம் பக்கத்தார் எல்லாரும் குடத்தோடு ஓடிவருவதுபோல, காயத்தைச் சுற்றியுள்ள எலும்பு முழுவதும் விழித்துக்கொண்டு, வழக்கத்தைவிட விரைவாகக் கரைந்து விரைவாக வளர்கிறது. ஹரால்டு ஃபிராஸ்ட் என்னும் அமெரிக்க எலும்பு மருத்துவர் 1983-இல் இதனை விளக்கி எழுதினார். அந்தப் பரபரப்புக் காலத்தில் எலும்பு சற்று இளகி நிற்பதால் பல் எளிதாக நகரும் என்பதே இச்சிறு அறுவைகளின் அடிப்படை.

முறை மட்டும் அதற்கு முந்தியது. 1959-இல் கோலே என்னும் அறுவை மருத்துவர், பற்களின் நடுவே தாடை எலும்பின் கடினமான மேற்பகுதியைக் கீறிவிட்டுப் பற்களை நகர்த்திக் காட்டினார். பல்லும் அதனைச் சூழ்ந்த எலும்பும் ஒரே கட்டையாகச் சேர்ந்து நகர்வதாக அவர் கருதினார். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் ஈரி நகரைச் சேர்ந்த வில்கோ சகோதரர்கள் 2001-இல் வெளியிட்ட கட்டுரை அக்கருத்தை மாற்றியது. சகோதரர்களில் ஒருவர் பல் சீரமைப்பு மருத்துவர், மற்றவர் ஈறு மருத்துவர். ஸ்கேன் படங்களை ஆராய்ந்து, கட்டையாக எதுவும் நகரவில்லை, கீறிய இடத்து எலும்பு சுண்ணாம்புச் சத்தை இழந்து இளகிப் பின்னர் மீண்டும் இறுகுகிறது என்று அவர்கள் கூறினார்கள். எலும்பு மெலிந்துவிடாதிருக்க எலும்புத் தூளையும் அங்கே இட்டார்கள். ஆனால் அம்முறையில் ஈற்றை எலும்பிலிருந்து பிரித்துத் தூக்கவேண்டும், தையல் உண்டு, வீக்கமும் வலியும் சில நாள்களுக்கு உண்டு.

ஆகவே அதனினும் எளிய வழிகளைத் தேடினார்கள். பாஸ்டன் நகரில் டிபார்ட் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2009-இல் அறிவித்த முறையில் ஈற்றைத் தூக்குவதில்லை. பற்களின் நடுவே ஈற்றில் சிறிய கீறல்கள் இட்டு, அவற்றின் வழியே, காதுக்கு எட்டாத ஒலியதிர்வால் இயங்கும் நுண்கத்தியைச் செலுத்தி, எலும்பை ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் ஆழத்திற்குக் கீறுகிறார்கள். அக்கத்தி எலும்பை வெட்டும். மென்மையான தசையை எளிதில் வெட்டாது. இதனினும் எளியது, ஈற்றின் வழியாகவே எலும்பில் இரண்டு மூன்று நுண்துளைகள் இடுவது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 20 பேரிடம் இதனைச் செய்து பார்த்த அலிகானி குழுவினர், 28 நாள்களில் கோரைப்பல் நகர்ந்த அளவு 2.3 மடங்கு கூடியதாக 2013-இல் எழுதினார்கள்.

இவ்வளவும் கேட்டபோது எங்கள் முகம் மலர்ந்தது. “அதையே செய்துவிடுங்கள், டாக்டர்!” என்றோம்.

அம்மையார் கையமர்த்தினார். “மறுபக்கத்தையும் கேளுங்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் இந்த அறுவைகளைப் பற்றி ஆராய்ந்தது. நம்பத்தக்க முறையில் நடத்தப்பட்டவை என்று அவர்களுக்குக் கிடைத்த ஆய்வுகள் நான்கே. அவற்றில் பங்கு பெற்றோர் 57 பேர். வேகம் சிறிது கூடுவதாகத் தெரிந்தது. ஆனால் சான்று வலுவற்றது என்று எழுதினார்கள். நுண்துளைகளைப் பற்றி ஜோர்தான் நாட்டில் நடந்து 2018-இல் வெளிவந்த ஆய்வில், துளையிட்ட பக்கமும் இடாத பக்கமும் ஒரே வேகத்தில்தான் நகர்ந்தன. சிலருக்குப் பயன் தெரிகிறது, சிலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும் அந்தப் பரபரப்பு மூன்று நான்கு மாதங்களில் அடங்கிவிடும். கோரைப்பல் நகர்வது சிகிச்சையின் ஒரு பகுதிதான். முன்பற்கள் இருக்கின்றன, மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒன்றோடொன்று பொருந்தவேண்டிய கடைசி வேலை இருக்கிறது. நான் எத்தனை துளை இட்டாலும் தைக்குள் கம்பி கழலாது. கழற்றித் தருகிறேன் என்று எவரேனும் சொன்னால், வேலையைப் பாதியில் விட்டுக் கழற்றுவார்கள். அதன் பின் பல் பழைய இடத்திற்கே திரும்பும்.”

நாங்கள் வாயடைத்துப் போனோம். ஆனாலும் பெற்ற மனம் அடங்கவில்லை. அந்த வேறோர் ஊர் மருத்துவமனைக்கும் ஒருமுறை சென்று பார்த்துவிடலாமே என்று எங்களில் தாய் மெல்லக் கூறினாள். அதுவரை வாய் திறவாதிருந்த மகள் அப்போதுதான் பேசினாள்.

“அம்மா, பல் வரிசையாக வேண்டும் என்று நான்தான் ஆசைப்பட்டேன். இரண்டு ஆண்டுகள் ஆகும் என்று தெரிந்துதான் போட்டுக்கொண்டேன். எனக்கு அவசரம் இல்லை. அவசரம் உங்களுக்கா, அவர்களுக்கா? அவர்களுக்கு என்றால் கேட்டுச் சொல்லுங்கள். அப்படியானால் இந்தக் கல்யாணத்தைப் பற்றியே நான் யோசிக்க வேண்டும்.”

குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்தச் சிறிய அறையில் எங்களுக்கு நிமிர்ந்து பார்க்க இயலவில்லை. மகளுடைய வாயைப் பற்றி அரை நாளாகப் பேசியிருந்தோம். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுவாரம் மதுரைக்குச் சென்றோம். நெஞ்சு படபடக்கவே சம்பந்தி வீட்டில் பேச்சைத் தொடங்கினோம். திருமணத்தன்று கிளிப்பு இருக்கும், கழற்ற இன்னும் ஓராண்டுக்குமேல் ஆகும் என்று ஒளிக்காமல் கூறினோம். பையனுடைய தாயார் வியப்போடு எங்களைப் பார்த்தார். “இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீர்கள், மதினி? என் நாத்தனார் கேட்டது அவர் மகளுக்காக. அந்தப் பிள்ளைக்கும் கிளிப்பு போடவேண்டும் என்கிறார்கள். எத்தனை நாள் ஆகும் என்று தெரிந்துகொள்ளக் கேட்டிருப்பார். எங்களுக்கு ஒன்றும் இல்லை” என்று சொல்லிக் காப்பி கொண்டுவரப் போனார்.

திரும்பி வரும்போது பேருந்தில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. யாரும் கேளாத ஒன்றிற்காகப் பெற்ற மகளின் எலும்பில் கத்தி வைக்கத் துணிந்தோமே என்னும் எண்ணம் இருவரையும் ஒரே சமயத்தில் அழுத்திக்கொண்டிருந்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் அறுவை வேண்டா என்பதே எங்கள் முடிவுரையாகியிருக்கும். ஆனால் புரட்டாசி தொடக்கத்தில் மகள் ஒரு மாலை வந்து, “அந்த நுண்துளைகளை நான் இட்டுக்கொள்ளப் போகிறேன்” என்றாள். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவள் சொன்ன காரணம் வேறு. திருமணமானால் மதுரையில் குடியிருக்கப் போகிறாள். தன் மருத்துவரை மாற்ற அவளுக்கு விருப்பமில்லை. அங்கிருந்து மாதம் ஒருமுறை வரலாம். அதற்குமேல் விடுப்பு கிடைக்காது. கோரைப்பல்லை இழுக்கும் கட்டத்தில்தான் அடிக்கடி வரவேண்டியிருக்கிறது. உள்ளூரில் இருக்கும் இந்த ஐந்து மாதங்களில் அந்தக் கட்டம் பெரும்பாலும் முடிந்துவிட்டால் நல்லது. பயன் கிடைக்கும் என்று உறுதியில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். “கிடைத்தால் கிடைக்கட்டும். கிடைக்காவிட்டால் இரண்டு நாள் வலியும் கொஞ்சம் பணமும் போகும். அவ்வளவுதானே?” என்றாள். கணக்கைத் தானே போட்டு, இழப்பையும் தானே ஏற்றுக்கொண்டவளிடம் நாங்கள் சொல்ல என்ன இருந்தது?

துளையிடும் முன் எக்ஸ்ரே எடுத்து வேர்களின் இடத்தைக் குறித்துக்கொண்டார்கள். ஈறு நலமாக உள்ளதா என்று பார்த்தார்கள். சர்க்கரை நோய் உண்டா, நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து உட்கொண்டது உண்டா, எலும்புத் தேய்வுக்கு மருந்து எடுப்பது உண்டா என்று கேட்டார்கள். இவற்றுள் ஏதேனும் இருந்தால் எலும்பு ஆறுவது தடைப்படலாமாம். மரத்துப்போகும் ஊசி போட்டு, ஒவ்வொரு புறமும் மூன்று துளைகள் இட்டார்கள். வெளியே காத்திருந்த எங்களுக்குத்தான் அது நெடுநேரமாகத் தோன்றியது. உண்மையில் அரை மணிக்கும் குறைவே. தையல் இல்லை. வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தாள். வலிக்கு ஐபுபுரூஃபென் போன்ற மாத்திரைகள் கூடாது, பாரசிட்டமால் மட்டும் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். காரணம் எங்களுக்கு வியப்பாக இருந்தது. காயத்தால் எழும் பரபரப்பே அங்கு வேலை செய்யவேண்டும். அதனைத் தணிக்கும் மாத்திரையைத் தின்றால் காயம் பட்டதன் பயனே போய்விடுமாம்.

இரண்டு வாரத்திற்கு ஒருமுறை சென்று ஸ்பிரிங்கைச் சரிசெய்து வந்தாள். மருத்துவர் ஒவ்வொரு மாதமும் சிறிய அளவுகோலால் அளந்து குறித்தார். முதல் மாதம் ஒன்றரை மில்லிமீட்டர். இரண்டாம் மாதமும் அவ்வாறே. அதன் பின் மாதம் ஒன்றாக, எல்லாரையும்போல. தை முடிவில் ஏழில் ஆறு மூடியிருந்தது. “துளைகளால் வந்த பயன்தானே?” என்று நாங்கள் கேட்டபோது, அம்மையார் அதற்கும் இசையவில்லை. “இருக்கலாம். துளையிடாமல் விட்டிருந்தால் எவ்வளவு நகர்ந்திருக்கும் என்று இனி அறிய வழியில்லையே! ஒருவர் வாயை வைத்து ஊருக்கு விதி வகுக்கக்கூடாது” என்றார். தம் கைவேலையைத் தாமே புகழாத மருத்துவரைக் கண்டதே எங்களுக்கு ஒரு பாடமாயிற்று.

திருமணத்தன்று கம்பி இருந்தது. பல் எடுத்த இடத்தில் சிறிது இடைவெளியும் இருந்தது. படம் பிடிப்பவர், “வாயை மூடிக்கொள்ளுங்கள், அம்மா” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. கை வாய்க்குச் செல்லாமல் அவள் சிரித்து நாங்கள் கண்டது அன்றுதான். அந்தப் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. கம்பி பளிச்சென்று தெரிகிறது. வருவோர் எவரும் அதைப் பற்றி இதுவரை ஒன்றும் கேட்டதில்லை.

கிளிப்பு கழற்றப்பட்டது சிகிச்சையின் இருபத்திரண்டாம் மாதத்தில். இரண்டு ஆண்டுகள் என்று சொன்னதில் மிச்சமானது இரண்டு மாதங்கள். அந்த இரண்டும் துளைகளால் வந்தனவா, அவள் ஒருமுறைகூடத் தவறாமல் மருத்துவரிடம் சென்றதால் வந்தனவா என்பதை யார் சொல்வது? குறித்த நாளில் வராமை, முறுக்கும் கரும்பும் கடலைமிட்டாயும் கடித்துக் கிளிப்பை உடைத்துக்கொள்வது, பல் துலக்குவதில் சோம்பல் ஆகியவையே பலருக்கும் சிகிச்சையை நீட்டிவிடுகின்றன என்று அம்மையார் கூறினார். தை வந்தால் கரும்புக்கு முன்னே நிற்பவள், புது மணப்பெண்ணாக வந்த அந்தத் தையில் அதைத் தொடவேயில்லை. இப்போதும் இரவில் பல் திரும்பாதிருக்கத் தரப்பட்ட தட்டை மறவாமல் அணிகின்றாள். புது இடத்தில் எலும்பு முற்றிலும் உறுதிப்பட நாள்கள் வேண்டுமல்லவா?

இச்சிறு அறுவைகள் வீண் என்று நாங்கள் கூறவில்லை. வளர்ந்தவர்களுக்கு, தக்க காரணம் இருந்தால், தேர்ந்த மருத்துவர் எல்லாவற்றையும் எடுத்துரைத்த பின், அவை உதவக்கூடும். ஆனால் புறப்படும் முன் சில வினாக்களைக் கேட்டுக்கொள்வது நலம். மிச்சமாகப்போவது எத்தனை மாதம்? அதற்குச் சான்று என்ன? ஈறும் எலும்பும் அதைத் தாங்குமா? கூடுதல் செலவு எவ்வளவு? இவை மருத்துவரிடம் கேட்கவேண்டியவை. இவற்றுக்கு முன்பாக நம் வீட்டிலேயே கேட்டுக்கொள்ளவேண்டிய வினா ஒன்று உண்டு. இந்த அவசரம் யாருடையது?

நாங்கள் அதைக் கேளாமல் புறப்பட்டோம். எங்கள் மகள் கேட்டாள். அடுத்து எங்கள் இளைய மகனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். வாசற்படியில் நின்று நாங்கள் எதையேனும் கேட்க நேர்ந்தால், அந்த வீட்டில் அன்றிரவு இருவர் உறங்காமல் கிடப்பார்கள் என்பது இனி எங்களுக்கு நினைவிருக்கும்.